நெல்லைக்குக் கல்லூரி பார்க்க வருகிறவர்கள் ரூமுக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

பிள்ளைகளுக்குக் கல்லூரி பார்க்கவோ, நேர்காணலுக்கோ, சான்றிதழ் சரிபார்ப்புக்கோ திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் வரப்போகிறீர்கள் என்றால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மேப்பில் ஒரு லாட்ஜின் பெயருக்குக் கீழே இருக்கும் செல்போன் எண் அந்த லாட்ஜுடையதுதான் என்று நம்பி யாரும் முன்பணம் அனுப்பாதீர்கள். எங்களிடம் அப்படித்தான் வாங்கினார்கள். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். வயதுப் பெண்ணோடு வந்த என்னை எப்படிப்பட்ட இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

எனக்குப் பிறந்த ஊர் கடையம் பக்கம். கல்யாணமாகி அம்பத்தூர் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அப்பா அம்மா காலமான பிறகு ஊர் வீட்டையும் கொடுத்துவிட்டோம். உரிமையோடு போய் இறங்க அங்கே இப்போது இடம் இல்லை. மகள் பி.எஸ்சி. உளவியல் முடித்திருக்கிறாள். குற்றவியல் முதுகலை படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறை இருக்கிறது. சேர்வதற்கு முன்னால் வளாகத்தையும் பெண்கள் விடுதியையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும், கூடவே பாளையங்கோட்டையில் ஒன்றிரண்டு கல்லூரிகளையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். அவள் அப்பாவுக்கு ஷிப்ட் மாற்றிக் கிடைக்கவில்லை. நானும் அவளும் மட்டும்தான்.

அது ஆனி மாதம். நெல்லையப்பர் கோயில் திருவிழா நடக்கிற நேரம். பத்து நாள் விழாவில் ஒன்பதாம் நாள் தேரோட்டம். வெளியூரில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து சேர்வார்கள். கல்லூரிச் சேர்க்கையும் அதே சமயத்தில் வருவதால் ஜங்ஷன், டவுன் பக்கம் சுமாரான வாடகையில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இப்படித் தேடி அலைகிறவர்கள்தான் இந்த ஆட்களுக்கு வேண்டும்.

மேப்பில் தேடியதில் ஜங்ஷன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய லாட்ஜ் ஒன்று இருந்தது. நல்ல பெயர் உள்ள இடம், வாடகையும் கட்டுப்படியாகிற மாதிரி. அதில் போட்டிருந்த எண்ணுக்குப் பேசினேன். எடுத்த பையன் மிக மரியாதையாகப் பேசினான். "மேடம், ரெண்டு பேரும் லேடீஸா? அப்போ ரிசப்ஷனுக்கு எதிர்லயே இருக்கிற ரூமைத் தர்றேன். கேமரா இருக்கு, ஃபேமிலிக்கு மட்டும்தான் கொடுக்கிறோம்" என்றான். கேட்காமலேயே போட்டோ அனுப்பினான். வெள்ளை விரிப்பு, சுத்தமான குளியலறை, ஜன்னலில் திரை. இரண்டு இரவுக்கு 1,800 ரூபாயை முழுதாகக் கட்டச் சொன்னான். திருவிழா நேரம், பாதிப் பணத்துக்கெல்லாம் ரூமைப் பிடித்து வைக்க முடியாது என்றான். கட்டியதும், திரும்பக் கிடைக்கும் டெபாசிட் என்று இன்னொரு 1,000. பணம் போடும்போது திரையில் ஏதோ ஒரு தனிநபர் பெயர் வந்தது. கேட்டதற்கு, "எங்க ஓனர் மேடம், பில்லு லாட்ஜ் பேர்லதான் வரும்" என்று உடனே பதில் வந்தது. லாட்ஜ் பெயர் அச்சடித்த ரசீது ஒன்றும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது.

நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து காலையில் இறங்கி நேராக அந்த லாட்ஜுக்குப் போனோம். கவுண்டரில் வயதான அண்ணாச்சி ஒருவர் இருந்தார். ரசீதைக் காட்டியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நீளமான பதிவேட்டைத் திருப்பி எங்கள் பக்கமாக வைத்து, அன்றைய தேதியில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்துக் காட்டினார். எங்கள் பெயர் இல்லை. "இந்த நம்பர் எங்களுக்குள்ளது இல்லம்மா. போன வாரம்கூட ஒரு பையன் இதே மாதிரி சீட்டைக் காட்டிட்டு நின்னான். நாங்க போன்ல பணமே வாங்குறது கிடையாது" என்றார். அவரிடம் ரூமும் இல்லை, திருவிழாவுக்கு எல்லாம் போய்விட்டது. முகம் கழுவிக்கொள்ளச் சொல்லி, காபி வாங்கிவரப் பையனை அனுப்பினார். அந்த லாட்ஜின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவர்கள் பெயரையும் சேர்த்துத்தான் கெடுத்துக்கொண்டிருக்கிறான் அவன்.

அந்த எண்ணுக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டான் என்று நினைத்தேன், எடுத்தான். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிற ரகம் இல்லை இவன். "அக்கா, ஓவர் புக்கிங் ஆயிடுச்சு, கவுண்டர்ல இருக்கிறவருக்கு விஷயம் தெரியாது. யுனிவர்சிட்டி பக்கத்துலயே எங்க இன்னொரு பிராஞ்ச் இருக்கு. ஆள் அனுப்புறேன், அங்கயே நில்லுங்க" என்றான். நேற்றுவரை மேடம், இப்போது அக்கா. கொஞ்ச நேரத்தில் பைக்கில் ஒரு பையன் வந்தான். நாங்கள் ஆட்டோவில் ஏறி அவன் பின்னால் போனோம்.

வண்டி வண்ணார்பேட்டை தாண்டி தெற்குப் புறவழிச்சாலையில் திரும்பியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பல்கலைக்கழகம் இருப்பது ஊருக்கு மேற்கே, டவுன், பேட்டை எல்லாம் தாண்டித் தென்காசி ரோட்டில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். நாங்கள் போய்க்கொண்டிருந்தது வேறு திசை. வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டையும் தாண்டி, வீடுகள் விட்டுவிட்டு இருக்கிற ஒரு சந்தில் போய் பைக் நின்றது. மாடி வீடு. போர்டு கிடையாது. ஆட்டோ அண்ணாச்சி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தாயி, நீங்க மேல போய்ப் பாத்துட்டு வாங்க. பெட்டி வண்டியிலயே கெடக்கட்டும். நான் இங்கனயே நிக்கேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எவ்வளவு பெரிய உதவி என்று பிறகுதான் புரிந்தது.

மாடியில் வரிசையாக நாலு அறை. மூன்றில் ஆண்கள் தங்கியிருந்தார்கள். யாரோ வேலைக்கு வந்தவர்கள், அவர்கள் மேல் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் குளியலறை ஒன்றுதான். எங்களுக்கு என்று காட்டிய அறைக் கதவைச் சாத்தி உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன். தாழ்ப்பாள் போய் நுழைய வேண்டிய இடத்தில் நிலைச்சட்டம் பிளந்து, மரம் புதுசாகச் சிராய்ப்போடு தெரிந்தது. யாரோ வெளியிலிருந்து தள்ளித் திறந்த தடம். தாழ்ப்பாள் போட்டபிறகும் சுண்டு விரலால் தள்ளினால் கதவு திறந்துகொண்டது. குளியலறைக் காற்றுப்போக்கியில் கண்ணாடி இல்லை, மடித்த பேப்பர் செருகியிருந்தது. அந்தப் பக்கம் நடைபாதை. மகள் எதுவும் பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கே பொறுப்பாக இருந்த ஆள் கீழே இருந்து வந்து, ஆதார் அசலைக் கொடுங்கள், போகும்போது திருப்பித் தருகிறேன் என்றான். அப்புறம் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் காட்டினான். காலேஜுக்குப் போகும்போது சர்டிபிகேட் பையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், ஆபீஸில் வைத்துவிட்டுப் போங்கள் என்று வேறு சொன்னான். மகளுடைய மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அந்தப் பையில்தான். இதை எழுதும்போதுகூட எனக்கு வயிறு கலங்குகிறது.

இங்கே தங்கப்போவதில்லை, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். பணம் வாங்கியது தான் இல்லை, அந்தத் தம்பி, அவரிடம் கேளுங்கள் என்றான். தம்பிக்குப் போன் போட்டால், ரூம் காட்டியாயிற்று, வேண்டாம் என்று சொன்னது நீங்கள், எங்கள் ரூல்படி கேன்சல் செய்தால் பணம் கிடையாது என்றான். குரலில் இருந்த மரியாதை அடியோடு போய்விட்டது. அதோடு விடாமல், ரூமைத் திறந்ததற்கு 300 ரூபாய் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னான் இந்த ஆள், படியை மறித்துக்கொண்டு. 112-க்கு அடிக்கப்போகிறேன் என்று போனைக் கையில் எடுத்தேன். ஆட்டோ அண்ணாச்சி கீழே இருந்து, "என்னம்மா, மேல வரட்டுமா?" என்று சத்தம் கொடுத்தார். அவன் விலகினான். 2,800 ரூபாயும் போனது போனதுதான், ஆனால் ஆதாரும் சான்றிதழும் எங்கள் கையில் இருந்தன.

அண்ணாச்சிதான் பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பெண்கள் விடுதி ஒன்றுக்குக் கூட்டிப்போனார். அவருடைய தங்கை மகள் அங்கே தங்கிப் படித்தவளாம். சிஸ்டர் எங்கள் இருவரின் அடையாள அட்டையையும் பார்த்தார், பல்கலைக்கழகத்திலிருந்து மகளுக்கு வந்த மின்னஞ்சலைப் பார்த்தார், நோட்டில் எழுதிக்கொண்டார். தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் வந்தால் கொடுக்கிற அறை அது. கட்டில் இரண்டு, மின்விசிறி, பக்கெட். சாயங்காலத்துக்குள் உள்ளே வந்துவிட வேண்டும், கேட்டைப் பூட்டிவிடுவோம் என்றார். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தது, நான் அந்த ஏமாற்றுக்காரனுக்கு ஒரு ராத்திரிக்கு அனுப்பியதில் பாதிகூட இல்லை. அந்த இரவில் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மகள் அப்படியே தூங்கிப்போனாள்.

இது எப்படி நடக்கிறது என்று பிறகு லாட்ஜ் அண்ணாச்சியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேப்பில் ஒரு கடை, லாட்ஜ் பற்றிய விவரத்தைத் திருத்தச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். உரிமையாளர் அந்தப் பக்கத்தைத் தன் பெயரில் உறுதிசெய்து வைத்துக் கவனிக்காமல் இருந்தால், வேறொருவன் போடும் எண் அதில் ஏறிவிட வாய்ப்பு உண்டு. பழைய லாட்ஜ்களை நடத்துகிற பெரியவர்கள் இதையெல்லாம் திறந்தே பார்ப்பதில்லை. அண்ணாச்சியின் பேரன் ஒருமுறை சரிசெய்தானாம், மறுபடியும் மாற்றிவிட்டார்களாம். பணம் வாங்குகிறவன் ஒருவன், ரூம் காட்டுகிறவன் இன்னொருவன். கேட்டால் ஒருவன் மற்றவனைக் கைகாட்டுவான். ஏதோ ஒரு ரூமைக் காட்டிவிட்டதால், இது மோசடி இல்லை, ரூம் பிடிக்காமல் போன தகராறு என்று போலீஸிலும் சொல்லிக்கொள்ளலாம். வெளியூர்க்காரர்கள், பெண்பிள்ளையோடு வந்தவர்கள், மறுநாள் காலையில் நேர்காணல் இருப்பவர்கள் சண்டை போட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பாதிப்பேர் வேறு வழியில்லாமல் அங்கேயே தங்கியும் விடுவார்கள்.

அதனால் பணத்தை வாங்குகிறவரும் சாவியைக் கொடுக்கிறவரும் ஒரே ஆள்தானா என்று தெரிகிறவரை ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். கவுண்டரில் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள், ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். முன்பணம் கட்டாயம் என்றால் வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். வாசலில் இருக்கிற போர்டிலிருந்து ஆரம்பித்து, ரிசப்ஷன் வழியாக, ரூம் வரைக்கும் நடந்தே காட்டட்டும். கதவை உள்ளே இருந்து சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக் காட்டச் சொல்லவும் தயங்காதீர்கள். ஜி.எஸ்.டி. கேட்டால் அவர்களுடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணும் எழுத்தும் கலந்து 15 இடம் இருக்கும், தமிழ்நாடு என்றால் 33-ல் ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைக்கு இப்போது 5 சதவீதம், 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் 12 சதவீதம். 900 ரூபாய் ரூமுக்கு 18 சதவீதம் எந்தக் கணக்கிலும் வராது.

அடையாள அட்டையைப் பார்ப்பதும் நகல் எடுப்பதும் சரி, அசலைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு எந்த லாட்ஜுக்கும் வேலை இல்லை. ஆதாரில் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்த பிரதியை ஆதார் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். சான்றிதழ் பையைச் சாப்பிடப் போனாலும் கையோடு கொண்டுபோங்கள்.

தங்க இடம் எங்கே தேடலாம் என்று கேட்டால், முதலில் நீங்கள் பார்க்க வருகிற துறை அலுவலகத்துக்கே பேசுங்கள் என்பேன். எண்ணைக் கல்லூரியின் சொந்த இணையதளத்திலிருந்து எடுங்கள். பல்கலைக்கழகங்களில் விருந்தினர் இல்லம் இருக்கும், இடமிருந்தால் பெற்றோருக்கும் கொடுப்பார்கள், சில இடங்களில் மாணவியை மட்டும் ஒரு ராத்திரி பெண்கள் விடுதியில் தங்க விடுவார்கள். கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? நாங்கள் மறுநாள் துறையில் இதைச் சொன்னபோது, முன்னாலேயே ஒரு போன் செய்திருக்கலாமே அம்மா, ஏதாவது ஏற்பாடு பார்த்திருப்போமே என்று அங்கிருந்தவர்கள் உண்மையிலேயே வருத்தப்பட்டார்கள்.

பாளையங்கோட்டை படிக்கிற பிள்ளைகளின் ஊர். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சும்மா சொல்லவில்லை. பெண்கள் விடுதிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் தனியார் விடுதி என்றால் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்காகத் தமிழ்நாட்டில் 2014-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமத்தைக் கேட்டதும் முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம்.

ரயிலில் வருகிறவர்கள் ஜங்ஷன் நிலையத்தின் ஓய்வறையையும் பார்க்கலாம். உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி. மூலமாகவே பதிவுசெய்யலாம், நடுவில் தரகர் யாரும் கிடையாது. ஒரே ஒரு வளாகத்தைப் பார்ப்பதுதான் வேலை என்றால் தங்காமலேயே முடிக்கலாம். காலை வண்டியில் வந்து, நிலையத்திலேயே குளித்துத் தயாராகி, தென்காசி, ஆலங்குளம் போகிற பஸ்ஸில் ஏறினால் பல்கலைக்கழக வாசலிலேயே இறங்கலாம், ராத்திரி வண்டியில் திரும்பிவிடலாம். இன்னொன்று, ஆனி மாதம் வருகிறவர்கள் தேரோட்டத் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அன்றைக்கு மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம், ரத வீதிகளில் வண்டியும் போகாது. அலுவலகம் பூட்டிக் கிடக்கும்.

ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். இணையவழிப் பண மோசடிக்கான எண் அது. சைபர் குற்றத் தளத்திலும் எழுதிப் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணம் கை மாறுவதற்குள் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. பணம் போட்ட பரிவர்த்தனை எண், அவன் அனுப்பிய ரசீது, போட்டோ, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். நான் விடுதிக்கு வந்த கையோடு பதிந்துவிட்டேன். புகார் எண் வந்திருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. அந்த மாடி வீட்டைப் பற்றி, உரிமம் இல்லாமல் ஆள் தங்கவைக்கிறார்கள் என்று ஆட்சியர் அலுவலகத்துக்கும் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறேன். நிஜமான லாட்ஜ் ஒன்று பில் கொடுத்துவிட்டு மோசமாக நடந்துகொண்டால் 1915-ல் நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

மகளுக்கு வளாகம் பிடித்திருக்கிறது, விண்ணப்பம் போட்டாயிற்று. கலந்தாய்வுக்கு மறுபடியும் வர வேண்டியிருக்கும். அபிஷேகப்பட்டி, பேட்டை, பாளையங்கோட்டைப் பக்கம் அம்மாவும் பெண்ணும் ஒன்றிரண்டு ராத்திரி நம்பித் தங்கலாம் என்று நீங்களே தங்கிப் பார்த்த இடம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். வாடகை எவ்வளவு, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், பணம் எங்கே வாங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் எங்களை மாதிரி வருகிற இன்னும் பல பேருக்கு உதவியாக இருக்கும்.